அச்சில் இருக்கிறது, அமலில் இல்லை

கேள்வி கேட்டவர் பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். 2025 ஜூலையில் நாலு வரி மெயிலில் வேலை போயிற்று. தொழில் தகராறு சட்டப்படி 'இண்டஸ்ட்ரி' ஆகும் நிறுவனத்தில் வேலை செய்தவர்தான் லேபர் கோர்ட்டில் கேட்க முடியும். லேபர் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றதும் எச்.ஆர். ஆள் சிரித்திருக்கிறார்: "ஆஸ்பத்திரி இண்டஸ்ட்ரியே கிடையாது சார், பார்லிமென்டே 1982-ல் எடுத்தாச்சு." வீட்டுக்கு வந்து தேடினால் அந்தத் திருத்தம் கிடைக்கிறது. மருத்துவமனைகள் சேராது என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. ஒரு வக்கீலிடம் கேட்டால், சுப்ரீம் கோர்ட் சேரும் என்று சொல்லிவிட்டது, கவலைப்படாதீர்கள் என்கிறார். "பார்லிமென்ட் பெரிசா, கோர்ட் பெரிசா? யார் பேச்சை நம்புவது?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, பெரிசு சிறிசு என்று கேட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. உங்களை நிறுத்திய அன்றைக்கு எந்த வாக்கியம் சட்டமாக உயிரோடு இருந்தது என்பதுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்.ஆர். காட்டியது பார்லிமென்ட் நிறைவேற்றியதுதான், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்ததுதான். ஆனால் அது ஒரு நாள்கூட அமலில் இருந்ததில்லை. உங்கள் வக்கீல் சொன்னது சரி, கொஞ்சம் அவசரமான சரி. நான் இருபத்துநாலு வருஷமாக இந்த ஊரில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவன், பெரும்பாலும் தொழிலாளி பக்கம். அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கும், தள்ளுபடி செய்துகொண்டு படியுங்கள்.

சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதில் பாதி பள்ளிக்கூடத்துப் பாடம்: மசோதா, இரண்டு அவைகள், குடியரசுத் தலைவரின் ஒப்புதல். பாடத்தில் விட்டுப்போவது சட்டத்தின் முதல் பிரிவின் கடைசி வரி. "மத்திய அரசு கெஜட்டில் அறிவிக்கும் தேதியில் இது அமலுக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதிகள் குறிக்கலாம்" என்ற மாதிரி ஒரு வரி. அப்படி வரி எதுவும் இல்லையென்றால் ஒப்புதல் கிடைத்த நாளிலேயே சட்டம் நடைமுறைக்கு வந்துவிடும். வரி இருந்தால் சாவி அரசாங்கத்தின் கையில். குழந்தை பிறந்துவிட்டது, பெயரும் வைத்தாயிற்று, ஆனால் வீட்டுக்குள் எப்போது வரலாம் என்பதை வேறொருவர் சொல்ல வேண்டும். 1982-ம் வருஷத்து 46-ம் எண் சட்டம் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தியது. அதன் பல பிரிவுகளை 1984 ஆகஸ்டில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 'இண்டஸ்ட்ரி' என்ற சொல்லுக்கான புது விளக்கத்தை மட்டும் கொண்டுவரவில்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், ஆராய்ச்சிக்கூடம், தர்ம ஸ்தாபனம் இவற்றையெல்லாம் வெளியே தள்ளிய விளக்கம் அதுதான்.

இதில் தடுக்கி விழுந்தவர்களில் நானும் ஒருவன். வக்காலத்து போட ஆரம்பித்த இரண்டாம் வருஷம், அப்போது இருந்த ஆபீஸ் ஒரு பயிற்சி நிறுவனத்தின் நிர்வாகத்துக்காக ஆஜரானது. சீனியருக்கு அன்று ஹைகோர்ட்டில் வேறு கேஸ். நான் பேர் ஆக்டை, அதாவது சட்டத்தின் வாசகம் மட்டும் அச்சிட்ட புத்தகத்தை, திறந்து, "பயிற்சி நிறுவனங்கள் இண்டஸ்ட்ரி ஆகாது, இதோ சட்டமே சொல்கிறது" என்று கணீரென்று படித்தேன். எதிர்ப்பக்கம் ஒரு வயதான யூனியன் வக்கீல், எழுந்திருக்கக்கூட இல்லை. நீதிபதி கன்னடத்தில் கேட்டார், நீங்கள் படித்தது பக்கத்தின் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று. கீழே இருந்தது. பொடி எழுத்தில், அடிக்குறிப்பாக. "இந்தத் திருத்தம் அமலுக்கு வரும்போது இந்த விளக்கம் இப்படி மாறும்" என்ற வாக்கியத்துக்கு அப்புறம்தான் நான் படித்த வரிகள் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் 1947-ம் வருஷத்துப் பழைய விளக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தது. உங்கள் எச்.ஆர். விழுந்திருப்பதும் இதே பள்ளத்தில்தான். இணையத்தில் இன்னும் மோசம், அடிக்குறிப்பைத் தனியாக வெட்டி ஒட்டிவிடுகிறார்கள், மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்றே தெரியாது.

பார்லிமென்ட் நிறைவேற்றிய ஒன்றை அரசாங்கம் இப்படிக் கிடப்பில் போட முடியுமா என்றால், முடியும். ஆஸ்பத்திரி, கல்லூரி ஊழியர்களின் குறைகளைத் தீர்க்க வேறு ஏற்பாடு இல்லாமல் இருக்கிற கதவையும் மூட முடியாது என்பது அரசாங்கம் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த வேறு ஏற்பாடும் வரவே இல்லை. கோர்ட்டுக்குப் போய், அமலுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வாங்கலாமா? ஏ.கே. ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் மாட்டேன் என்றுவிட்டது. அங்கே விஷயம் அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தம். தடுப்புக் காவலில் வைக்கப்படுகிறவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தரும் பிரிவு, 1978-ல் நிறைவேறியது, அறிவிக்கப்படாமலே கிடக்கிறது. தேதி குறிக்கும் அதிகாரத்தைப் பார்லிமென்டே அரசாங்கத்திடம் கொடுத்திருக்கும்போது நாங்கள் கையைப் பிடித்து எழுதவைக்க முடியாது என்பது நீதிபதிகளின் வாதம். எங்கள் தொழிலிலேயே வேடிக்கையான உதாரணம் உண்டு. வக்கீல்களுக்கு எல்லா கோர்ட்டிலும் தொழில் செய்யும் உரிமை தரும் பிரிவு 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தில் இருக்கிறது. அது அமலுக்கு வந்தது 2011 ஜூனில். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவர்களின் சொந்தச் சட்டத்துக்கே ஐம்பது வருஷம்.

இனி கோர்ட் பக்கம். உங்கள் வக்கீல் சொன்ன தீர்ப்பு நம் ஊர்த் தீர்ப்பு. பெங்களூர் குடிநீர் வாரியத்துக்கும் ராஜப்பா உள்ளிட்ட சில ஊழியர்களுக்கும் நடந்த வழக்கு. வாரியம் அவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கையாக அபராதம் போட்டுப் பணத்தைப் பிடித்தது. விசாரிக்காமல் பிடித்தார்கள், திருப்பிக் கொடுங்கள் என்று அவர்கள் லேபர் கோர்ட்டுக்குப் போனார்கள். தொகை ஒன்றும் பெரிசில்லை. வாரியம் எடுத்த தடுப்புதான் பெரிசு: தண்ணீர் கொடுப்பது அரசின் அடிப்படைக் கடமை, நாங்கள் இண்டஸ்ட்ரி இல்லை, லேபர் கோர்ட் எங்களைக் கேள்வி கேட்க முடியாது. லேபர் கோர்ட் ஏற்கவில்லை, ஹைகோர்ட்டும் ஏற்கவில்லை. டில்லிக்குப் போய், 7 நீதிபதிகள் அமர்வு 1978 பிப்ரவரியில் முடிவு சொன்னது. ஐந்து பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் ஓரளவு மாறுபட்டார்கள். பிரதான தீர்ப்பு கிருஷ்ணய்யர் எழுதியது. 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர், அதனால் தீர்ப்பில் சிவப்புச் சாயம் என்று நிர்வாகத்தரப்பு வக்கீல்கள் இன்னும் குத்திக்காட்டுவார்கள்.

அவர் முன் இருந்த 1947-ம் வருஷத்து வாக்கியத்தைப் பாருங்கள். முதலாளிகளின் வியாபாரம், வணிகம், முயற்சி, உற்பத்தி, தொழில் எதுவும் 'இண்டஸ்ட்ரி'. தொழிலாளர்களின் வேலை, சேவை, கைத்தொழில் முதலானவையும் அதில் அடங்கும். அவ்வளவுதான். 'முயற்சி', 'சேவை' இரண்டையும் எவ்வளவு தூரம் இழுப்பது? பக்கத்தில் வியாபாரம், உற்பத்தி என்று இருக்கிறதே, சொல்லுக்கும் சேரிடம் பார்த்துத்தானே பொருள், ஆகவே சேவை என்றால் வியாபாரம் போன்ற சேவை மட்டும்தான் என்று ஒரு கட்சி. 'அடங்கும்' என்று போட்டதே விரிப்பதற்குத்தான், சுருக்குவதற்கு இல்லை என்று இன்னொரு கட்சி. பழைய நூற்பாவுக்கு இரண்டு உரையாசிரியர்கள் இரண்டு பொருள் எழுதுவது மாதிரிதான். நூற்பாவில் ஒரு எழுத்தைக்கூட உரைகாரர் மாற்ற முடியாது. ஆனால் உரை இல்லாமல் நூற்பாவைப் படிப்பவர் யார்? ஒரே வித்தியாசம், சுப்ரீம் கோர்ட்டின் உரைக்கு அரசியல் சட்டத்தின் 141-வது பிரிவு பலம் தருகிறது. அவர்கள் சொல்லும் பொருள் நாட்டின் எல்லா கோர்ட்டையும் கட்டுப்படுத்தும்.

அந்த உரை மாறி மாறி வந்த கதையில் ஆஸ்பத்திரிதான் பாவம், பந்தாக உருண்டது. 1960-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை வார்டு ஊழியர்கள் இருவரின் வழக்கில், அரசு ஆஸ்பத்திரியும் இண்டஸ்ட்ரிதான் என்றார்கள். 1970-ல் டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில், இல்லை என்றார்கள். இடையில் டில்லி பல்கலைக்கழகத்தின் பஸ் டிரைவர்கள் வழக்கில் கல்வி இண்டஸ்ட்ரி இல்லை என்றும், மெட்ராஸ் ஜிம்கானா கிளப் வழக்கில் உறுப்பினர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் கிளப் இண்டஸ்ட்ரி இல்லை என்றும் தீர்ப்புகள். பம்பாய் சாலிசிட்டர் ஆபீஸ் ஒன்றும் இல்லை என்று தப்பித்தது. வக்கீல்களுக்கு வக்கீல்கள் காட்டிய கருணை என்று அப்போதே யாராவது முணுமுணுத்திருப்பார்கள். ராஜப்பா வழக்கு இந்த விலக்குகளை எல்லாம் துடைத்துப் போட்டது. ஒழுங்காகத் திட்டமிட்டு நடக்கும் செயல், முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து நடத்துவது, மனிதத் தேவைக்கான பொருளையோ சேவையையோ தருவது: இந்த மூன்றும் இருந்தால் அது இண்டஸ்ட்ரி. லாப நோக்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். அரசின் இறையாண்மைக் காரியங்கள் போன்ற சில மட்டும் வெளியே.

இது விளக்கமா, சட்டமியற்றலா என்று கேட்டால், நேர்மையாகச் சொன்னால் இரண்டும்தான். பார்லிமென்ட் தொளதொளவென்று தைத்த சட்டையை யாராவது பிடித்துத்தான் போட வேண்டும். அந்த நீதிபதிகளே சட்டசபைக்காரர்கள் தெளிவாக எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பார்லிமென்டும் காது கொடுத்தது. நான்கு வருஷத்தில் எழுதிய அந்த 1982 விளக்கம் கோர்ட் சொன்ன மூன்று அம்சங்களையே வாங்கி எழுதிக்கொண்டு, ஆஸ்பத்திரி முதலானவற்றைக் கழித்தது. அதாவது கோர்ட்டின் சொல்லைச் சட்டமாக்கி, கோர்ட்டின் முடிவில் பாதியைத் திருப்பியது. அப்படித் திருப்பப் பார்லிமென்டுக்கு முழு அதிகாரம் உண்டு. அமலுக்குக் கொண்டுவராததுதான் கூத்து.

திருப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தை மாற்றலாம். தீர்ப்பு செல்லாது என்று நேரடியாகச் சொல்ல முடியாது. இதைப் பெங்களூர்த் தமிழனுக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. ஜூலையில் கர்நாடக அரசு அதைச் செல்லாக்காசாக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டார். நவம்பரில் வந்த பதில்: மாநிலத்துக்கு இந்த அதிகாரம் இல்லை, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் இருக்க முடியாது. டிசம்பரில் அந்த உத்தரவு கெஜட்டில் வந்த பிறகு இந்த ஊரில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் தெரியும். எனக்கு அப்போது பதினான்கு வயது, ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையை அப்பா கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். சட்டம் படிக்கப் போனபோது அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் தேடிப் படித்தேன். அம்பேத்கர் வீதியில் ஒரு பக்கம் சட்டசபை இருக்கும் விதான சௌதா, எதிர்ப்பக்கம் சிவப்புக் கட்டடத்தில் ஹைகோர்ட், நடுவில் ஒரு ரோடு. அந்த ரோட்டுக்கு எவ்வளவு அகலம் என்று அந்தத் தீர்ப்பில்தான் எனக்குப் புரிந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ராஜப்பா தீர்ப்பு சரிதானா என்று சுப்ரீம் கோர்ட்டுக்கே பிறகு சந்தேகம் வந்தது. 2005-ல் 5 நீதிபதிகள் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்றார்கள். 2017-ல் 7 நீதிபதிகள் அதை 9 பேர் அமர்வுக்கு அனுப்பினார்கள். நிர்வாகத்தரப்பு இதை வைத்து, ராஜப்பா ஆட்டம் கண்டுவிட்டது என்று வாதாடும். அனுப்பிவைப்பது வேறு, ரத்து செய்வது வேறு. 2025 ஜூலையில் உங்களை நிறுத்தியபோது கீழ்க்கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்திய தீர்ப்பு அதுதான். இதுவரை சொன்னது நிச்சயம்.

நிச்சயமில்லாதவையும் உண்டு. கோர்ட் ஒரு சொல்லுக்குப் புதுப் பொருள் சொன்னால், முதலிலிருந்தே அதுதான் பொருள் என்ற கணக்கில் பொதுவாக அது பின்னோக்கியும் பாயும், இன்றிலிருந்துதான் என்று கோர்ட்டே வரம்பு கட்டினால் ஒழிய. ஆகவே பெரிய அமர்வின் முடிவு, முடியாமல் நிற்கிற வழக்குகளைத் தொட இடம் இருக்கிறது. அடுத்து, 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் போய் தொழில் உறவுகள் கோடு (Code, தொகுப்புச் சட்டம்) வந்துவிட்டது. அதுவும் கிடப்பில் கிடந்ததுதான், 2020 செப்டம்பரில் ஒப்புதல், ஐந்து வருஷம் கழித்து அமல். அதிலும் இண்டஸ்ட்ரிக்கு விளக்கம் ராஜப்பாவின் அதே மூன்று அம்சம்தான். விலக்குப் பட்டியல் மட்டும் சுருங்கியிருக்கிறது: முழுவதுமாகவோ பெரும்பாலுமோ தர்ம காரியத்தில் இருக்கும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள், விண்வெளி, அணுசக்தி, பாதுகாப்பு ஆராய்ச்சி உட்பட அரசின் இறையாண்மைக் காரியங்கள், வீட்டு வேலை, அரசு அறிவிக்கும் மற்றவை. ஆஸ்பத்திரி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் உங்கள் ஆஸ்பத்திரியை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது என்றால், நாங்கள் தர்ம ஸ்தாபனம் என்று இந்தப் புதுச் சட்டத்தைக் காட்டிப் பார்ப்பார்கள். உங்களை நிறுத்தியது பழைய சட்ட காலத்தில், ஆகவே பழைய விளக்கமே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. கருத்துதான், தீர்ப்பு இல்லை.

இன்னொரு வாசல் இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் தலை இடித்துக்கொள்கிறார்கள். நிறுவனம் இண்டஸ்ட்ரி ஆனால் போதாது, நீங்கள் சட்டப்படி 'ஒர்க்மேன்' ஆகவும் இருக்க வேண்டும். 1988-ல் கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில், பள்ளி இண்டஸ்ட்ரிதான், ஆனால் ஆசிரியர் ஒர்க்மேன் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. டெக்னீஷியன் வேலை, ஒர்க்மேனுக்கான விளக்கத்தில் வரும் 'தொழில்நுட்ப வேலை' என்ற சொல்லுக்குள் வசதியாக உட்காரும். ஆனால் கடைசி மூன்று வருஷத்தில் உங்களுக்கு 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்', 'டீம் லீட்' என்று ஏதாவது பட்டம் சூட்டினார்களா? சூட்டியிருந்தால், நீங்கள் அன்றாடம் செய்தது ரத்த மாதிரியை மெஷினில் வைப்பதா, மற்றவர்களுக்கு லீவு சாங்ஷன் செய்வதா என்பதுதான் சண்டையாக இருக்கும். பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், வேலையைப் பார்ப்பார்கள், ஆனால் வேலையை நீங்கள் காகிதத்தில் காட்ட வேண்டும். டியூட்டி ரோஸ்டர், கையெழுத்திட்ட ரிப்போர்ட் நகல், ஷிப்ட் மெசேஜ் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள், ஆபீஸ் மெயிலை முடக்கியிருந்தால் கூட வேலை செய்தவர்களிடம் கேளுங்கள்.

காலக்கெடு பழைய சட்டத்தில் மூன்று வருஷம், கோடில் இரண்டு. எதைப் பிடிப்பது என்று வாதாடிக்கொண்டிருக்காமல் இரண்டு வருஷத்துக்குள் மனு போய்விடட்டும். பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனில் விசாரித்து உங்கள் பகுதிக்கான சமரச அதிகாரியிடம் கொடுங்கள், முத்திரை போட்ட நகல் வாங்காமல் படி இறங்காதீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை நான் பார்க்கவில்லை, ஆகவே இதற்கு மேல் சொல்வது ஜோசியம். அந்த ஆர்டரில் எந்த டிரஸ்ட் அல்லது கம்பெனியின் பெயர் இருக்கிறது, பதவிப்பெயர் என்ன, கடைசி சம்பள ஸ்லிப்பில் பதவிப்பெயர் என்ன என்ற மூன்றை மட்டும் இங்கே எழுதுங்கள், ஆஸ்பத்திரி பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்துவிட்டு.